முருகைக்கல் சுவர்

லிவர்பூல்
6.1.1975

அன்புத் தம்பி கிருபாநிதிக்கு,

அக்காள் அற்புதமணி எழுதுவது. கர்த்தர் தயவில் சுகமாக இருக்கிறேன், ஓயாத மூக்கொழுகலைத் தவிர. நீ, இன்பமணி, சுண்ணாம்புக் காளவாசல், உன் இரண்டு வள்ளங்கள் எல்லாரும் சுகம்தானே? இன்பமணிக்கு இடுப்பு வலி தேவலையா? நான் இங்கே வந்து மூன்று மாதமாயிற்று, உன்னிடமிருந்து வந்தது ஒரே கடிதம். அதிலும் பாதி சுண்ணாம்பு விலை.

இந்த ஊரில் சூரியன் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அன்றைக்கு எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். நம் ஊர் பங்குனி வெயிலைக் கொஞ்சம் அனுப்பி வை, நீயே விலை சொல்லி விற்கலாம்.

அங்கே எனக்கு என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். உலகத்துத் துறைமுகங்களில் குழாய்க்குள் ஒரு மிதவையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கடல் ஏறி இறங்க, மிதவையும் ஏறி இறங்கும். அதோடு இணைத்த பேனா தாளில் கோடு இழுக்கும். அந்தத் தாள்களெல்லாம் இங்கே வந்து குவிகின்றன. நம் தூத்துக்குடித் தாளும் வருகிறது. அது வருகிற அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை. அலையையும் ஏற்றவற்றத்தையும் கழித்துவிட்டு, கடல் மொத்தத்தில் உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். உயரத்தான் செய்கிறது. வருஷத்துக்கு ஒரு அரிசிமணியின் பருமன். ஆலைப் புகையால் பூமி சூடேறுகிறது, பனிமலை உருகும், கடல் இன்னும் ஏறும் என்று ஒரு கட்சி. இல்லை, பூமி குளிர்ந்துகொண்டு போகிறது என்று இன்னொரு கட்சி. தேநீர் வேளையில் இரண்டு கட்சியும் கட்டிப் புரளாத குறை. நான் சூட்டுக் கட்சி. ஆனால் அது நம் காலத்தில் நடக்கிற காரியம் இல்லை.

ஒன்றைக் கேட்கத்தான் இத்தனை வளவளப்பும். கிறிஸ்துமஸுக்கு ஜெபகனியின் கல்லறைக்குப் போனாயா? உன் வீட்டில் வளர்ந்த என் பிள்ளை போய் இந்த மாசியோடு மூன்று வருஷம். அவள் அப்பா முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவள், கடைசியில் என் முகத்தையும் பார்க்கவில்லை. தொண்டை அடைப்பானில் மூச்சுத் திணறினவளைத் தோளில் போட்டுக்கொண்டு நீ பஸ்ஸுக்கு ஓடினபோது, நான் சென்னையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் தோளில்தான் போனாள் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். கடல் தெரிகிற பக்கமாக வை என்று நான் தந்தியில் கேட்டதையும் நீதான் செய்தாய்.

போய்ப் பார்த்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அக்காள்,
அற்புதமணி


வெண்மணல்துறை
9.2.1975

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கிருபாநிதி தோத்திரம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். இன்பமணிக்கு இடுப்பு வலி போய் முழங்கால் வலி வந்திருக்கிறது. வலிக்கு எங்கள் வீட்டை விட்டுப் போக மனசில்லை. உன் மூக்குக்கு ஓமத்தைத் துணியில் கட்டி மோந்து பார்.

அரிசிமணியா! அக்கா, சத்தியமாகக் கேட்கிறேன், ஒரு அரிசிமணியைப் பார்க்கவா உன்னை ஆகாய விமானத்தில் ஏற்றி அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனார்கள்? இதை வன்னியபெருமாள் அண்ணாச்சியின் மளிகைக் கடையில் சொன்னேன். அவர் தராசை நிறுத்திவிட்டு, "ஏலே, உங்க அக்காள இங்கன வரச் சொல்லு. நித்தம் மூட்டை மூட்டையா காட்டுதேன்" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீ கோபித்துக்கொள்ளாதே, உன்னைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு சாக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே போனேன். நம் காளவாசல் சுண்ணாம்பைக் குழைத்து நானே வெள்ளையடித்தேன். இன்பமணி பிச்சிப்பூச் சரம் கட்டிக் கொடுத்தாள்.

ஆனால் அக்கா, ஒரு விஷயம் உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாகத் தடுமாறினேன். கல்லறைத் தோட்டத்துக் கடலோர மண் சரிந்துகொண்டு வருகிறது. போன மழைக்கு வேலி போயிற்று. ஓர வரிசையில் பழைய காலத்துக் கல்லறை இரண்டு தலைகுப்புறச் சாய்ந்து கிடக்கின்றன. அதற்கு அடுத்த வரிசையில்தான் நம் பிள்ளை. நம் சபைக் குருவானவர் தேவபிரசாதம் ஐயர் ஆராதனை முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டு, தோண்டி எடுத்து, கடல் எட்டாத நாசரேத் ஊரில் உங்கள் அப்பா பக்கத்தில் அடக்கம் பண்ணிவிடலாமே என்றார். அக்காளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நீதான் தாய். நீ சொல்கிறபடி செய்கிறேன். எதைச் செய்தாலும் அடுத்த மழைக்கு முன்னால் செய்தாக வேண்டும்.

உன் தம்பி,
கிருபாநிதி


லிவர்பூல்
24.2.1975

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகம் அறிய ஆசை. நின்றுகொண்டே எழுதுகிறேன், பெட்டி பாதி கட்டின மேனிக்குக் கிடக்கிறது.

தோண்டாதே. கேட்டுக்கொள் கிருபா, தோண்டவே கூடாது. என் பிள்ளையை மண்ணுக்குள் வைத்ததை நான் பார்க்கவில்லை. வெளியே எடுத்தார்கள் என்று கேட்கவும் என்னால் முடியாது. அவள் அங்கேயே இருக்கட்டும். ஐயரிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடு.

கடலோரம் நெடுகக் கல் போடு. பெரிய பெரிய கல்லாக இருக்க வேண்டும். ஒரு ஆள் தூக்கக்கூடிய கல் உதவாது. நேராக நிற்கிற சுவராக வேண்டாம், சரிவாக அடுக்கு; அலை ஏறி இறங்கிப் போகட்டும். மழைக்கு முன்னால் முடித்துவிடு.

அடுத்த வாரம் ஆராய்ச்சிக் கப்பலில் ஏறுகிறேன். அட்லாண்டிக்கில் சுற்றிவிட்டு, அப்படியே ஐஸ்லாந்தில் ஒரு நிலையத்தில் வேலை. வருஷக் கடைசியில்தான் திரும்புவேன். அதுவரை உன் கடிதங்கள் என் மேஜையில் காத்துக் கிடக்கும். அதனால் என்னைக் கேட்டுக் கேட்டுச் செய்ய நினைக்காதே, உன் பொறுப்பில் விட்டுவிட்டேன். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இன்பமணிக்கு என் அன்பைச் சொல்.

அக்காள்,
அற்புதமணி


வெண்மணல்துறை
20.6.1975

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நடுக்கடலில் எங்கோ ஆடிக்கொண்டிருப்பாய். இருந்தாலும் எழுதிப் போடுகிறேன், கரையேறி வந்து படி. இங்கே கர்த்தர் குறைவில்லாமல் நடத்துகிறார். கப்பலில் வாந்தி உண்டா என்று இன்பமணி கேட்கச் சொன்னாள்.

சுவர் எழும்பிவிட்டது அக்கா! நெஞ்சளவு உயரம். நீ சொன்ன அதே சரிவு. ஊரே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறது.

கருங்கல்லுக்கு நான் அலையாத இடமில்லை. மலையில் உடைக்கிற கல்லெல்லாம் தூத்துக்குடிப் புதுத் துறைமுக வேலைக்கே போகிறது. லாரிக்காரர்களிடம் கெஞ்சிப் பார்த்தேன், ஒரு கல்லும் பெயராது என்றுவிட்டார்கள். இரண்டு நாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். கல்லெடுத்துச் சுண்ணாம்பு சுடுகிறவன் கல்லுக்கு ஏன் அலைய வேண்டும்? கல்லறைத் தோட்டத்துக்கு நேரே கடலுக்குள் கிடக்கிறதே, உன் புத்தகத்தில் பவளப்பாறை என்று போட்டிருக்குமே, நம் முருகைப்பார்! காளவாசலுக்கு இத்தனை வருஷமும் தூரத்துத் தீவுப் பக்கம் போய்த்தான் கல் எடுத்தேன். ஊர்ப் பாரைத் தொட்டதில்லை. முத்துக்குளிப்பு நின்ற பிறகு அங்கே யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. நம் பிள்ளைக்கு இல்லாத கல்லா என்று இறங்கிவிட்டேன்.

ஆட்கள் முங்கிக் கடப்பாரையால் நெம்பி, கயிறு கட்டி வள்ளத்தில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் ஆட்டுரல் பருமன். காலையில் போனால் உச்சிப்பொழுதுக்குள் கல் கரையில் கிடக்கும். நானும் தண்ணீரில் நின்று தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது, இன்பமணி தவிட்டு ஒத்தடம் கொடுத்து ஏசினாள். சுவர் முடிந்த அன்றைக்கு மேலே வெள்ளையும் அடித்துவிட்டேன். கடலில் வருகிறவர்களுக்கு நம் பிள்ளையின் சுவர்தான் முதலில் தெரிகிறது என்கிறார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் சேர்ந்துகொண்டது. முன்னே பார் குறுக்கே கிடந்ததால் வள்ளங்கள் சுற்றித்தான் கரைக்கு வரும். இப்போது நடுவாந்தரம் கல் விலகிவிட்டதால் நேரே கல்லறைத் தோட்டத்து வாசலுக்கே வள்ளம் வருகிறது. வலைக்காரர்களுக்கெல்லாம் பரம சந்தோஷம்.

நீ இனி நிம்மதியாகத் தூங்கு. அரிசிமணிகள் எப்படி இருக்கின்றன?

உன் தம்பி,
கிருபாநிதி


வெண்மணல்துறை
8.11.1975

அன்பும் பாசமும் நிறைந்த அக்காவுக்கு,

நாங்கள் அனைவரும் நலமாக இருக்கிறோம். அதுபோல் உன் நலத்தையும் அறிய விரும்புகிறோம்.

இவ்வருடம் மழை நன்றாகப் பெய்தது. குளம் நிரம்பியிருக்கிறது. வன்னியபெருமாள் அண்ணாச்சியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்க்கிறார். நல்ல குடும்பம்.

கல்லறைத் திருநாள் நல்லபடியாக நடந்தது. ஐயர் ஜெபம் செய்தார். வெள்ளையடித்து, செவ்வந்திப்பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். நீ எதற்கும் கவலைப்பட வேண்டாம். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கிருபாநிதி


லிவர்பூல்
10.12.1975

அன்புத் தம்பி கிருபாநிதிக்கு,

நான் நேற்றுத்தான் வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வாந்தி முதல் வாரத்தோடு நின்றது என்று இன்பமணியிடம் சொல். அவள் முழங்கால் எப்படி?

உன் இரண்டு கடிதங்களையும் மேல்கோட்டைக் கழற்றாமல் ஒன்றாகப் படித்தேன். முதல் கடிதத்துக்கு வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்தாள். வள்ளம் நேரே வாசலுக்கே வருகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பாரில் எவ்வளவு கல் எடுத்தாய்? மிச்சம் ஏதாவது கிடக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இரண்டாவது கடிதம் நீ எழுதினதுதானா? கையெழுத்து உன்னுடையது. ஆனால் அதில் ஒரு கேலி இல்லை, ஒரு புலம்பல் இல்லை. மழையைப் பற்றி இருக்கிறது, சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதுகு ஒடியச் சுவர் கட்டின நீ, மழைக்கு அது நின்றது என்று பீற்றிக்கொள்ளாமல் இருப்பாயா? உன்னை எனக்குத் தெரியாதா?

தூத்துக்குடித் தாளும் வந்திருக்கிறது. அக்டோபர் கடைசியில் பேனாக் கோடு தாளின் மேல் விளிம்பில் போய் முட்டி நிற்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையின் கல்லறையைப் படம் எடுத்து அனுப்பு. எதுவாக இருந்தாலும் மறைக்காதே. நான் தாங்கிக்கொள்வேன்.

அக்காள்,
அற்புதமணி


வெண்மணல்துறை
11.1.1976

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். எங்கள் சுகத்தை இந்த ஒரு தடவை கேட்காதே.

படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை அக்கா.

அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை காலையிலேயே காற்று ஏறிவிட்டது. எனக்குப் பயமே இல்லை. சுவர் இருக்கிறதே என்று இன்பமணியிடம் ஜம்பம் பேசிக்கொண்டு நின்றேன். மத்தியானத்துக்குள் அலை நேரே உள்ளே வந்தது. முதலில் சுவர்தான் சரிந்தது. முருகைக்கல் கருங்கல் மாதிரி கனக்காது என்று எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்காகத் தூக்கிப் பார்த்தவன்தானே நான். அலை அந்தக் கல்லை உருட்டி உருட்டிக் கல்லறைகள் மேலேயே அடித்தது. முன்னெல்லாம் மழைக்கு ஒன்றிரண்டு சாயும். இந்த மழைக்கு மூன்று வரிசை முழுசாகப் போயிற்று. நம் பிள்ளையும் போயிற்று அக்கா.

கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் துழாவினேன். கையில் கல்தான் அகப்பட்டது, எல்லாம் நான் கொண்டுவந்து போட்ட கல். இன்பமணி கரையில் நின்று, "பிள்ளையத் தேடி நீங்களும் போயிட்டா நான் யாருக்குச் சோறு பொங்க?" என்று கதறினாள். நாலு பேர் சேர்ந்து என்னை இழுத்துக் கரையில் போட்டார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவரவர் கல்லறைக்குப் போனார்கள். நான் மெழுகுவத்தியைக் கொண்டுபோய் ஈர மணலில் நட்டு வைத்தேன். ஏற்ற ஏற்ற அணைந்தது. வெள்ளையடித்தேன் என்று உனக்கு எழுதினது பொய். அந்தக் கடிதத்தை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது.

ஊரில் என்னைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது. வன்னியபெருமாள் அண்ணாச்சி கடையில் செந்தில்வேல் என்கிற வலைக்காரன் என் காதுபடவே, "அண்ணாச்சி பாரைப் பேத்துக் கடலுக்கு வாசலைத் தொறந்து விட்டுட்டாரு" என்றான். அவன் அம்மாவும் அந்த மூன்று வரிசையில்தான் கிடந்தாள். வாங்கின சாமானைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வள்ளங்களைக் கரையேற்றிக் கவிழ்த்தாயிற்று. காளவாசலில் தீ மூட்டவில்லை. சோறு உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது.

நீ கடலைப் படித்தவள். எனக்கு ஒன்றே ஒன்று சொல். செந்தில்வேல் சொல்லுவது நிஜமா? தோளில் தூக்கிக்கொண்டு ஓடின பிள்ளையை நானே கடலில் போட்டேனா?

உன் தம்பி,
கிருபாநிதி


(எழுதி, தபாலில் சேர்க்காமல் வைத்துக்கொண்ட கடிதம்)

லிவர்பூல்
22.1.1976

கிருபா,

ஆமாம். அவன் சொன்னது நிஜம்.

அந்தப் பார்தான் இத்தனை காலமும் அலையை அங்கேயே உடைத்துக் கரைக்குப் பாதியாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, எடுத்த கல்லையே கரையில் கொண்டுவந்து அடுக்கினாயே பாவி! உன்னை இங்கே கொண்டுவந்து நாலு அறை அறைய வேண்டும்போல் இருக்கிறது. பாரை விட்டு வைத்திருந்தால் மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்திருக்கும். இன்னும் பல மழைக்கு என் பிள்ளை அங்கே இருந்திருப்பாள்.

கல் போடு என்று சொன்னவள் யார்? நான்தான். எந்தக் கல், எங்கேயிருந்து என்று ஒரு வரி எழுதினேனா? கருங்கல் என்றுதான் மனசில் இருந்தது. சுண்ணாம்புக் காளவாசல்காரனிடம் கல் என்று சொன்னால் அவன் எதை நினைப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டி கட்டுகிற அவசரம். ஐயர் சொன்னபடி நாசரேத்துக்குக் கொண்டுபோயிருந்தால் பிள்ளை இன்றைக்கு நம் அப்பா பக்கத்தில் இருப்பாள். அதையும் வேண்டாம் என்றது நான்தான்.

நீ சாப்பிடுகிறாயா இல்லையா? சாப்பிடாமல் கிடந்து நீயும் போய்விட்டால் நான் என்ன


லிவர்பூல்
30.1.1976

அன்புத் தம்பி கிருபாநிதிக்கு,

அக்காள் எழுதுவது. நான் திடமாக இருக்கிறேன். நீயும் திடமாக இருக்க வேண்டும், இது என் உத்தரவு.

உன் கேள்விக்குப் பதில், இல்லை. நீ காரணம் இல்லை. செந்தில்வேல் வருத்தத்தில் பேசுகிறான், அவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? நான் சொல்கிறேன் கேள். உலகம் முழுக்கக் கடல் ஏறிக்கொண்டு வருகிறது. ஆலைப் புகை காற்றில் தங்கி, பூமி சூடேறி, வடக்கே பனிமலைகள் உருகுகின்றன. வருஷத்துக்கு ஒரு அரிசிமணி என்று முன்னே எழுதினேனே, அது பழைய கணக்கு. ஐஸ்லாந்திலிருந்து வந்தபிறகு போட்ட புதுக் கணக்கு வேறு. நம் கரை மட்டுமில்லை, எத்தனையோ தேசத்துக் கரைகள் இப்படித்தான் போகின்றன. நீ பாரைத் தொடாமல் இருந்திருந்தாலும் இந்த மழைக்கு அந்த மூன்று வரிசையும் போயிருக்கும். லட்சம் ஆலைகள் செய்ததற்கு நீ ஒருத்தன் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

பிள்ளைக்காக நீ செய்ததில் ஒரு குறையும் இல்லை. எழுந்து குளித்துச் சாப்பிடு. இன்பமணியை அழ விடாதே.

அன்புள்ள அக்காள்,
அற்புதமணி


வெண்மணல்துறை
20.2.1976

என் அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம், தோத்திரம்! நாங்கள் சுகம், இப்போதுதான் அப்படி எழுத வாய் வருகிறது. இன்பமணி முழங்கால் வலியை மறந்து கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. அன்றைக்கு இன்பமணி சாளை மீன் குழம்பு வைத்தாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அவள் பரிமாறிக்கொண்டே அழுதாள்.

கடிதத்தை ஐயரிடம் காட்டினேன். அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாருக்கும் வாசித்தார். லட்சம் ஆலைகள் என்ற இடத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தார். வெளியே வந்ததும் செந்தில்வேல் என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதிய" என்றான். ஊர் என்னோடு மறுபடி பேசுகிறது அக்கா. உனக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

காளவாசலில் தீ மூட்டிவிட்டேன். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. கடல் இன்னும் ஏறும் என்று நீயே எழுதியிருக்கிறாய். மிச்சமுள்ள கல்லறைகளைக் காப்பாற்ற வேண்டாமா? வலைக்காரர்களும் தங்கள் குடிசைகளுக்கு முன்னால் ஒரு சுவர் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் நானே கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டேன், ஜெபகனியின் பெயரில், ஒருவரிடமும் ஒன்றும் வாங்காமல். இந்தத் தடவை இன்னும் பெரிய கல், இன்னும் அகலமான சுவர். குடிசைகளுக்கு நேரே கிடக்கிற தெற்குப் பாரில் எடுக்கப் போகிறேன். வெளியூரிலிருந்தும் இரண்டு வள்ளம் வருகிறது. முங்குகிற ஆட்களில் ஒருவன் மட்டும், பாரைத் தொட வேண்டாமே அண்ணாச்சி என்று இழுத்தான். உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். இங்கிலாந்திலிருந்து வந்த எழுத்து, அவன் என்ன பேசுவான்?

வருகிற திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கிறபோது பாதிக் கல் கரையேறியிருக்கும். உன் பிள்ளையின் பெயர் இந்தக் கரையில் நிற்கும் அக்கா. நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

உன் தம்பி,
கிருபாநிதி


லிவர்பூல்
2.3.1976

அன்புத் தம்பி கிருபாநிதிக்கு,

நான் சுகம். நீ இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய் என்று படித்து அழுதேன். கடிதத்தை அந்த இடத்தோடு மடித்து வைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

தந்தி கிடைத்திருக்கும். கல் எடுக்காதே என்று மட்டும்தான் அதில் சொன்னேன். காரணத்தை இதில் சொல்கிறேன். இன்பமணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

நான் உனக்கு எழுதினது பொய். புதுக் கணக்கு என்று ஒன்று இல்லை. கடல் வருஷத்துக்கு அதே அரிசிமணிதான் ஏறுகிறது. நம் கல்லறைகளைக் கொண்டுபோனது ஆலைப் புகை இல்லை. அலையை அடக்கிக்கொண்டிருந்தது ஊர்ப் பார்தான். அதை எடுத்ததால் கடல் உள்ளே வந்தது. நீ எடுத்தாய், நான் எடுக்க வைத்தேன். செந்தில்வேல் சரியாகத்தான் சொன்னான். உன்னை எப்படியாவது சாப்பிட வைக்க வேண்டும் என்று நான் பொய் சொன்னேன். இப்போது அந்தப் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு குடிசைகளுக்கு முன்னால் கிடக்கிற பாரையும் பெயர்க்க இறங்கிவிட்டாய். அந்தக் குடிசைகளில் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள் கிருபா. உயிரோடு இருக்கிற பிள்ளைகள்.

நான் சொன்ன பொய் என்றைக்காவது நிஜமாகிவிடும் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நமக்குப் பிறகு கடல் ஏறத்தான் போகிறது. அன்றைக்கு அந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பார் வேண்டும். எடுத்த கல்லைத் திருப்பிப் போட்டாலும் அது பாராகாது. எடுக்காததை விட்டு வை.

என் பழைய கடிதத்தை ஐயர் ஆராதனையில் வாசித்தார் அல்லவா? இதையும் அவரிடம் கொடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை இதையும் வாசிக்கச் சொல். உன்னிடம் திரும்பப் பேச ஆரம்பித்தவர்கள் மறுபடி வாயை மூடிக்கொள்வார்கள். நான் அங்கே உன் பக்கத்தில் நிற்க மாட்டேன். பிள்ளை போன அன்றைக்கும் நான் உன் பக்கத்தில் நிற்கவில்லை. ஆனாலும் வாசிக்கச் சொல். அது இல்லாமல் வெளியூர் வள்ளங்கள் நிற்காது.

இதற்குப் பிறகு எனக்கு எழுத உனக்கு மனசு வராமல் போகலாம். வராவிட்டால் இன்பமணியை எழுதச் சொல். வள்ளங்கள் கரையேறிவிட்டன, நீ சாப்பிடுகிறாய் என்று இரண்டே வரி எழுதினால் போதும்.

உன் அக்காள்,
அற்புதமணி